பட்டிப்பூவுக்கு இன்னொரு பெயர்

மயிலாப்பூரில் பூவை முழம் போட்டு விற்கிறார்கள். முழங்கை குட்டையான ஆளாகப் பார்த்துத்தான் பூக்கடையில் உட்கார்த்துகிறார்களோ என்று எனக்கு இன்றும் சந்தேகம். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும். சாமிக்கு வைக்கிற பூவை நாம் எப்போது காசு கொடுத்து வாங்கினோம்? எங்கள் வீட்டில் விடிந்ததும் பூப்பறிப்பது மகளின் வேலை. கிணற்றடிப் பட்டிப்பூச் செடியின் உயரந்தான் அவளும். நாங்கள் படகேறுவதற்கு முந்திய மாதம் காய்ச்சலில் போய்விட்டாள். மருந்து கிடைக்கவில்லை.

அந்தச் செடியின் விதைகளை என் மனைவி பரமேஸ்வரி கைலேஞ்சித் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. இலங்கைத் தமிழர் என்றதும் தி. நகரிலும் அடையாறிலும் வீட்டுக்காரர்களின் முகம் மாறிவிடும். கடைசியில் மயிலாப்பூரில் ஒரு மாமிதான் தன் வீட்டுப் பின்கட்டு அறையை வாடகைக்குத் தந்தார். அதையும் விட்டால் எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

பரமேஸ்வரி கொல்லையில் ஓர் உடைந்த வாளியில் மண் நிரப்பி விதைத்தாள். பத்து நாள் போல எதுவுமில்லை. பிறகு நகக்கண் அளவில் இரண்டிரண்டு இலைகள். பிழைத்தது ஒரு செடிதான். அது கிளைவிட்டு, மொட்டு முறுக்கவிழ்ந்து, ஐந்திதழில் ஊதாநிறமாகப் பூத்தது. பூ உதிர்ந்த காம்புகளில் இரட்டை இரட்டையாக மெல்லிய காய்கள் நீண்டன. அவை காய்ந்து வெடித்துக் கறுப்பு விதைகளைக் கொல்லையெங்கும் சிந்தின. மகள் போன பிறகு வாயே திறக்காதிருந்தவள், செடியைப் பற்றி என்னோடு கதைக்கத் தொடங்கினாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

மாமியின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாமி எங்களையும் பூச்சூட்டலுக்குக் கூப்பிட்டார். மகளுக்குப் பட்டிப்பூ கொண்டுவரட்டோ என்று பரமேஸ்வரி கேட்டாள். மாமியின் காதில் அது பட்டுப்பூ என்று விழுந்ததாம். பேஷாகக் கொண்டுவரச் சொன்னார்.

அன்று செடியில் ஒரு பூ மிச்சமில்லாமல் பறித்துத் தட்டு நிறைய எடுத்துப் போனாள். கர்ப்பிணிப் பெண்ணின் முன்னால் தட்டை நீட்டினாள். மாமிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"சுடுகாட்டு மல்லிய எடுத்துண்டு வந்து மாசமா இருக்கறவ முன்னாடி நீட்டறேளே. உங்க கொழந்தை போனது பத்தலையா?"

மறுநாள் காலையில் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் அது கோயில் பூ என்று எவ்வளவோ சொன்னேன். அவர் கேட்கவில்லை. நான் நேரே கொல்லைக்குப் போய், அவர் கண்முன்னாலேயே செடியை வேரோடு பிடுங்கிக் குப்பையில் எறிந்தேன். அதோடு நின்றிருக்கலாம். மகள் போனதிலிருந்து இவளுக்குப் புத்தி சரியில்லை, அதை வைத்து எங்களைத் தெருவில் விடாதீர்கள் என்று கைகூப்பினேன். மாமி இரங்கிவிட்டார். பரமேஸ்வரி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பொய்யைச் சொல்லி அறையைக் காப்பாற்றிய வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

பிறகு மழை வந்தது. சிந்திய விதைகளெல்லாம் துணிதுவைக்கும் கல்லடியிலும் சுவர் வெடிப்பிலும் முளைத்தன. மாமி எழுந்து வருமுன் தினமும் விடியற்காலையில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்குவேன். பரமேஸ்வரி வாசற்படியில் நின்று பார்ப்பாள். அந்த மழைக்காலம் முழுதும் அவள் என்னோடு கதைக்கவே இல்லை.

ஒரு நாள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுக் கை கழுவப் போனேன். பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"இஞ்சாருங்கோ, குழாயடியில இன்னுமொரு சுடுகாட்டு மல்லி நிக்குது. அதையும் பிடுங்கி எறியுங்கோ."

குனிந்து இழுத்தேன். தண்டு கையோடு வந்துவிட்டது. வேர் சிமெந்துக்கு அடியில் நின்றுவிட்டது.