கறுப்பு வெள்ளையில் ஜப்பான், கலரில் இங்கிலீஷ்

என் மகள் செல்போனில் ஜப்பானியக் கார்ட்டூன் பார்க்கிறாள். அடியில் ஓடும் எழுத்துகளை அவள் படிக்கிற வேகத்தில் நான் பேப்பர்கூடப் படித்ததில்லை. "இங்கிலீஷ்ல வச்சுப் பாரேன், கண்ணு வலிக்கப் போறது" என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். "டப்பிங்கா? அதையெல்லாம் யாராவது பார்ப்பாங்களாம்மா?" என்றாள், பாயசத்தில் உப்பைப் போடச் சொன்னவளைப் பார்க்கிற மாதிரி பார்த்து. இந்த வழக்கை எண்பதுகளிலேயே திருவெறும்பூர் குவார்ட்டர்ஸில் விசாரித்துத் தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது என்றால் நம்பமாட்டாள். நீங்களாவது கேளுங்கள்.

அப்பாவை ஃபாக்டரியிலிருந்து ட்ரெய்னிங்குக்காக ஜப்பான் அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது ஒரு வீடியோ டெக் கொண்டுவந்தார். பெட்டியைப் பிரித்ததும் தெர்மோகோலும் புதுப் பிளாஸ்டிக்குமாக ஒரு வாசனை. அதை நாங்கள் ஜப்பான் வாசனை என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். சிங்கப்பூர் சாமானுக்கும் அதே வாசனைதான் என்று தெரிந்தபோது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. டெக்கோடு ஒரு டேப். அப்பா தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள், இவருக்குப் பெண் குழந்தை இருக்கிறது என்று கேட்டு, தன் வீட்டு டிவியில் வந்த பிள்ளைகள் தொடர் ஒன்றைப் பதிவு செய்து கொடுத்திருந்தாள். அந்த அம்மாளின் முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனாலும் ரொம்ப நாள் எனக்கு அவள் மேல் பிரியமாக இருந்தது.

ஜப்பான் டேப்புக்கும் நம் ஊர் டிவிக்கும் ஒத்துப்போகவில்லை. படம் வந்தது, கலர் வரவில்லை. போதாக்குறைக்குப் படம் மேலிருந்து கீழே உருண்டுகொண்டே இருக்கும். ஒரு ஆள் டிவிக்குப் பின்னால் நின்று குமிழைத் திருகிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலும் அந்த ஆள் அப்பா. ஜப்பானில் இருந்துவிட்டு வந்தவர்தானே, அர்த்தம் கேட்கலாம் என்றால், "மீன் வேண்டாம், முட்டை வேண்டாம், நன்றி" என்பதோடு அவருடைய ஜப்பானிய மொழி முடிந்துவிட்டது.

டேப்பில் வந்தது கலங்கரை விளக்கத்தில் இருக்கும் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, ஒரு சிறுமி, ஒரு வாத்து. நடு நடுவே ஒருவர் வந்து நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுச் சிரிப்பார். அது விளம்பரம் என்று யாருக்குத் தெரியும்? சிறுமியின் தாய்மாமா என்று நானும் ஸ்டெல்லாவும் முடிவு செய்திருந்தோம். எப்போது பார்த்தாலும் சாப்பாடுதான், மருமகளைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது என்று அவர் மேல் எங்களுக்குக் கோபம்.

ஸ்டெல்லா பக்கத்து வீடு, என் வகுப்பு. அவளுடைய அம்மா அப்போது வேலூர் ஆஸ்பத்திரியில் இருந்தார். "அம்மாவுக்கு இப்ப தேவலாம், ஈஸ்டருக்குள்ள வந்துரும்" என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். அவருக்கு ஃபாக்டரியில் கிரேன் வேலை; வீட்டில் சமையலும் அவரே. தேவலாம் இல்லை என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். "குழந்தைய ஒரு தடவை கூட்டிண்டு போய்க் காட்டக்கூடாதோ, அப்பறம் முடியாமப் போயிட்டா?" என்று அம்மா அடுப்படியில் அப்பாவிடம் கிசுகிசுத்தது என் காதிலும் விழுந்தது. யார் போய் அவரிடம் சொல்வது என்பதில் எல்லாருக்கும் தயக்கம்.

அந்தக் கதையிலும் அம்மா படுத்திருப்பாள். பிறகு முகத்தில் வெள்ளைத் துணி. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பார். வெகுநேரம் ஒரு சத்தமும் இருக்காது, கடல் மட்டும். இதற்கு மொழி எதற்கு? ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வந்ததும் ஸ்டெல்லா தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவாள்.

பொங்கல் லீவில் ஸ்ரீரங்கத்திலிருந்து அத்தை வந்தாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். அவள் கூடையைத் திறந்தால் எப்போதும் துளசியும் பச்சைக் கற்பூரமும் மணக்கும். அன்றைக்கு அதற்குள்ளிருந்து ஒரு டேப் வந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவள் பிள்ளை அனுப்பியது. போட்டால், அதே கலங்கரை விளக்கம், அதே வாத்து. ஆனால் பளிச்சென்று கலர், எல்லாரும் இங்கிலீஷ் பேசுகிறார்கள், வாத்து உட்பட. நூடுல்ஸ் மாமாவை மட்டும் காணோம்.

எது நிஜம் என்று விவாதம் கிளம்பியது. அத்தைக்குச் சந்தேகமே இல்லை. "கலரா இருக்கறதுதான்டி மூலம். இங்கிலீஷ்ல இருக்கே, பார்த்தா தெரியலையா? ஜப்பான்காரா இதைப் பார்த்துக் காப்பி அடிச்சிருக்கா. காப்பிங்கறதாலதான் கறுப்பு வெள்ளையா வரது." அப்பாவும் தலையாட்டினார். இனிமேல் குமிழைப் பிடிக்க வேண்டாம் என்கிற நிம்மதியாகவும் இருக்கலாம்.

அம்மா படுத்திருக்கும் இடம் வந்தது. வெள்ளைத் துணி இல்லை, அதை வெட்டியிருந்தார்கள். கதையின் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். கடல் சத்தத்துக்குப் பதில் பியானோ, கூடவே அவர் பேசுவதாக ஒரு அன்பான குரல். அத்தை மொழிபெயர்த்தாள்: "அம்மா உடம்பைத் தேத்திக்கக் கப்பல்ல போயிருக்கா, வசந்த காலத்துல வந்துடுவா, அழாதேங்கறார். பார்த்தியா, சாகவே இல்லை."

தண்ணீர் குடிக்க எழுந்த ஸ்டெல்லா வாசற்படியில் நின்றுவிட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்து, "இன்னொரு தடவை போடுங்க டீச்சர்" என்றாள். எத்தனை தடவை போட்டோமோ. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. எனக்கும் மனசு நிறைந்துபோயிற்று.

பிறகு, ஏனோ, பழைய டேப்பைப் போடச் சொன்னாள். அப்பா முனகிக்கொண்டே குமிழைப் பிடித்தார். முதல் தடவையாக அவள் எழுந்து போகாமல் பார்த்தாள்.

"இதுல அந்த அப்பா பேசவே இல்ல" என்றாள். "அதுல மட்டும் எப்படிப் பேசுறாரு?"

"அதுல வசனம் இருக்கு, இதுல விட்டுட்டா" என்றாள் அத்தை.

"இல்ல டீச்சர். மூஞ்சி தெரியலல்ல, அதனால யாரோ பேசி விட்டிருக்காங்க." கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "எங்கப்பாவும் அம்மாவப் பத்திக் கேட்டா அடுப்பு பக்கம் திரும்பிக்கிட்டுதான் சொல்றாரு."

அன்று சாயங்காலம் அவள் வீட்டில் நடந்ததை ரொம்பப் பின்னால்தான் சொன்னாள். அப்பா ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாராம். "அப்பா, இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க, அம்மா எப்ப வரும்?" என்று கேட்டிருக்கிறாள். அவர் திரும்பினார். புளிக்கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை இரண்டு பேரும் வேலூர் பஸ் ஏறினார்கள். அம்மாவுக்குப் பேச முடிந்த கடைசி வாரம் அது. கட்டிலில் தள்ளிப் படுத்து மகளுக்கு இடம் கொடுத்தாராம், தலைவாரிப் பின்னலும் போட்டுவிட்டாராம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்குவதற்குள் போய்விட்டார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால், ஜப்பான்தான் ஜெயித்தது என்று எழுதிவிடலாம். ஆனால் கல்லூரி நாட்களில் ஒருதரம் ஸ்டெல்லா எங்கள் வீட்டுக்கு வந்தாள். டெக் அப்போதும் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. ஜப்பான் டேப்பை எடுத்தேன். "அது வேணாம், இங்கிலீஷ் போடு" என்றாள். அந்த இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "பொய்தான்டி. தெரியும். ஆனா அந்தக் குரல் நல்லாருக்கு."

அப்பா ரிட்டயராகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது டேப்புகளில் பூஞ்சை பிடித்திருந்தது, தூக்கிப்போட்டோம். ஜப்பானிய மூலம் இப்போது கிடைக்கிறது, கலரில், கடல் சத்தம் துல்லியமாக. அந்த இங்கிலீஷை மட்டும் யாரும் வைத்திருக்கவில்லை. தேடாத இடமில்லை. நான் விசாரித்த ஒருவர், அது அழிந்தே போயிருக்கும் என்று எழுதியிருந்தார்.

ஸ்டெல்லா இன்னும் போனில் கேட்கிறாள், "அது கிடைச்சுதா?" என்று. "தேடிக்கிட்டே இருக்கேன்டி, கிடைச்சிரும்" என்கிறேன். நல்லவேளையாக, எங்களுக்குள் வீடியோ காலில் பேசும் வழக்கமில்லை.