ஓடாமல் நடந்த சாகுல்

சாகுல் இறந்துவிட்டார் என்று ஃபோர்மேன் மாடசாமி அண்ணாச்சி போனில் சொன்னதும், "எந்த ஷெட்டுல?" என்றுதான் கேட்டேன். பட்டாசு ஷெட்டில் வெடித்துச் சாவு விழும் சிவகாசியில், வாயில் முதலில் வருவது அதுதானே. "ஷெட்டுல இல்லம்மா. வீட்டுல, நெஞ்சுவலி" என்றார்.

எங்கள் பட்டாசு கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் சாகுலும் நானும்தான். எந்த வெடிக்கு எந்த மருந்து எவ்வளவு எடை என்ற கலவைக் கணக்கு எங்கள் பொறுப்பு. அதில் திருத்தம் செய்து கமிட், அதாவது 'இதுவே இறுதி' என்று, கொடுத்தால் ஃபோர்மேன் அறை பிரிண்டரில் புதுச் சீட்டு தானாக அச்சாகும்படி செய்தவர் அவர். இனி சீட்டோடு வெயிலில் அலைய வேண்டாம் என்று டீ வாங்கிக் கொண்டாடினோம்.

ஒரு நாள் எடையில் தசமப் புள்ளியை இடம் மாற்றிப் போட்டுக் கமிட் கொடுத்துவிட்டார். சுதாரிப்பதற்குள் சீட்டு போய்விட்டது. ஷெட் பக்கம் போன் கொண்டுபோகக் கூடாது. பட்டாசு ஆலைக்குள் யாரும் ஓடுவதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். ஒருவர் ஓடினால் வெடித்துவிட்டதென்று எல்லோரும் ஓடுவார்கள், கையில் மருந்து வைத்திருப்பவரும் ஓடுவார். அதனால் சாகுல் நடந்தார். வேப்பமரத்தடியில் பெண்கள் "சாப்பிட்டீகளா?" என்று கேட்டதற்குச் சிரித்துப் பதில் சொல்லிக்கொண்டே நடந்தார். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போய்ச் சேர்ந்தபோது அண்ணாச்சி தராசில் மருந்தைக் கொட்டிக்கொண்டிருந்தாராம்; கலக்கும் முன் நிறுத்திவிட்டார்.

வியர்வையில் சட்டை நனைந்து திரும்பி வந்தார். "மெஷினுக்குப் பயம் கெடையாது செல்வி. யாராச்சும் ஒருத்தர் அதுக்காகப் பயப்படணும்" என்றார். அன்றே ஏற்பாட்டை மாற்றினார். கமிட் ஆனதும் அவர் போன் அடிக்கும். அவர் கணக்கை மறுபடி பார்த்து, போனில் 1-ஐ அழுத்தினால்தான் சீட்டு அச்சாகும்.

அடக்கம் முடிந்த மறுநாள், சீசன் அவசரத்தில் முதலாளியே உட்கார்ந்து ஒரு திருத்தம் போட்டார். சற்று நேரத்தில் சாகுலின் மனைவி ரஹ்மத் என்னை அழைத்தார். "அக்கா, அவுக போன் அடிக்குது. எடுத்தா ஒன்னை அமுக்கச் சொல்லுது. அமுக்கவா?"

"அமுக்காதீக, கீழ வைங்க" என்றேன். கணக்கைத் திறந்து வரி வரியாகப் பார்த்தேன். எடை சரியாகத்தான் இருந்தது.

"சரியாத்தான இருக்கு? அந்தப் போன் ஏற்பாட்டையே எடுத்துவிட்ருவோம், செல்வி. ஆர்டர் அம்புட்டும் நிக்குது" என்றார் முதலாளி. மாட்டேன் என்று சொல்லி, சாகுலின் எண் இருந்த இடத்தில் என் எண்ணைப் போட்டேன்.

இப்போது என் போன் அடிக்கிறது. ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டே கணக்கை மறுபடி பார்த்து ஒன்றை அழுத்துகிறேன். சாகுல் எனக்கு விட்டுப்போனது இந்தப் பயம்தான், அதை வைத்துக்கொண்டிருக்கிறேன். போன் அடித்தும் பயம் வராத ஒரு நாள் வந்துவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது.