லவேரிக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகள்

சரஸ்வதி பூசைக்கு மருமகன் லேப்டாப்பைக் கொண்டுவந்து சாமி முன்னால் வைத்தார். என் வீட்டுக்காரி வடிவு, சந்தனக் கிண்ணத்தோடு சற்று நின்றுவிட்டு, லேப்டாப்பை விட்டுவிட்டு அதன் பைக்குப் பொட்டு வைத்தாள். மருமகனுக்குச் சிரிப்பு. எனக்கு வரவில்லை. சந்தன வாசனை என்னை மந்தைவெளி வீட்டுக்கு இழுத்துப்போய்விட்டது.

தொண்ணூறுகளில் அங்கே கீழ்ப் போர்ஷனில் இருந்தோம். எனக்குத் தி.நகர் ஜவுளிக்கடையில் வேலை. புடவை விரிக்கத் தெரியும், அவ்வளவுதான். மாடியில் செல்வம், கம்ப்யூட்டர் வகுப்பெடுக்கும் தனிக்கட்டை. அந்த வருஷம் எங்கள் முதல் பிள்ளை, பிறந்த அன்றே போய்விட்டது. பெயர்கூட வைக்கவில்லை. வடிவு பேச்சை விட்டாள், கோயிலையும் விட்டாள். நான் மட்டும் கபாலி சந்நிதியில் நின்று, என்ன கேட்பதென்று தெரியாமல் திரும்புவேன்.

ஒரு ஞாயிறு செல்வம் எங்கள் இருவரையும் கூப்பிட்டான். "மேல வாக்கா, ராக்கெட்டுல ஒரு ரவுண்டு போலாம்." கம்ப்யூட்டர் விளையாட்டுதான். திரை முழுக்க நட்சத்திரம். நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் போனால் கிரகங்கள். ஒரு சின்ன நீலக் கிரகத்தின் பெயர் லவேரி. மெஷினே எழுத்துகளைக் கோத்துப் பெயர் வைக்குமாம்.

"காவேரி மாதிரி இருக்கு" என்றாள் வடிவு. பல நாளுக்குப் பிறகு அவள் குரலைக் கேட்டேன். படியிறங்கும்போது, "நம்ம பிள்ளை அங்கதான் இருக்குன்னு நினைச்சுக்கிடுதேன்" என்றாள். அதன்பின் ஞாயிறு தவறாமல் லவேரிதான்.

ஆயுத பூசை வந்தது. பிரம்மச்சாரி வீட்டில் பூசை ஏது என்று வடிவு விளையாட்டைப் பதிந்து வைத்திருந்த அவன் ஃபிளாப்பித் தகடுகளையெல்லாம் கீழே வாங்கி, ஒவ்வொன்றுக்கும் நடுவிலிருந்த வெள்ளி நிற வட்டத்தில், நெற்றிக்கு வைப்பது போல, குழையக் குழையச் சந்தனம் வைத்தாள். சந்தனம் உள்ளே இறங்கி எல்லாம் கெட்டுப்போயின.

"இன்னாக்கா, அபிஷேகமே பண்ணிக்கீற!" என்று சிரித்த செல்வம், வடிவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"அது போயிட்டுதா, தம்பி?"

"எது, அக்கா? லவேரியா? அது இதுல இல்லவே இல்ல. அத்தினி நட்சத்திரம் இந்தத் தகடுல அடங்குமா? ஒவ்வொரு எடத்துக்கும் ஒரு நம்பர். நாம போனா, அந்த நம்பர வச்சு மெஷின் கணக்கு போடும். சூரியன் இன்னா கலரு, எத்தினி கிரகம், எத்தினி நிலா, எல்லாம் அப்பதான் வரும். நம்பர் மாறாது, கணக்கு மாறாது. எப்ப போனாலும் அதே லவேரிதான்."

"நாம பாக்காதப்ப எங்க இருக்கும்?"

"எங்கயும் இருக்காது." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "கணக்குல கீதுக்கா."

மறுவாரம் நண்பனிடம் அதே விளையாட்டை வாங்கிவந்து ஓட்டினான். அதே இடம், அதே நீலம். வடிவு திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்று சாயங்காலம், கூப்பிடாமலே, என்னோடு கோயிலுக்கு வந்தாள். யாரும் பார்க்காத நேரத்திலும் அந்தக் கபாலி கணக்கில் இருக்கிறோம் என்று கும்பிட்டேன். எனக்கு விளங்கியது அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்தில் மகள் பிறந்தாள். "லவேரி போலாமாக்கா?" என்று செல்வம் கேட்டான். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "இருக்கட்டும் தம்பி" என்றாள் வடிவு.

அந்த வீடு இப்போது அடுக்குமாடி. செல்வம் எந்த ஊரில் இருக்கிறானோ, தெரியவில்லை. அந்த விளையாட்டு இன்றைய மெஷினில் ஓடாது என்கிறார் மருமகன். ஓடினாலும், அத்தனை நட்சத்திரத்தில் எதன் பக்கம் திரும்ப வேண்டும் என்பது எங்கள் இருவருக்குமே மறந்துவிட்டது.