தலைகீழாக மிதந்த மத்தியானம்

வங்கித் தேர்வுக்காக ஆங்கிலச் சொற்களை எழுதிவைத்த என் நோட்டில், பாயன்ட் (buoyant) என்ற சொல்லுக்கு எதிரே இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, தண்ணீரில் அமிழாமல் மிதப்பது. இன்னொன்று, எளிதில் சோர்ந்துபோகாத, உற்சாகமான மனம். முதலாவதற்கு உதாரணமாகக் காலி கேன் என்று எழுதியிருந்தேன். இரண்டாவதற்கு எதுவும் தோன்றவில்லை.

அந்த வாரம் எங்கள் கிணற்று மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை. கிழிந்த உரச்சாக்கு ஒன்று, தண்ணீருக்குள் கைக்கெட்டும் ஆழத்தில், குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வைச் சுற்றிக்கொண்டது. எட்டாவது படிக்கும் தங்கை இறங்கி இழுத்துப் பார்த்தாள். அவள் பலத்துக்கு வரவில்லை. அப்பா குடலிறக்க ஆபரேஷன் முடிந்து கட்டிலில் கிடந்தார். மரவள்ளிக் காடு காய்ந்துகொண்டிருந்தது. மிச்சம் நான். குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் போனவன். நீச்சல் தெரியாதவனும் நான் ஒருவன்தான். மற்ற பிள்ளைகள் கிணற்றில் கிடந்த விடுமுறைகளில் நான் டியூஷனில் இருந்தேன்.

"கேனைக் கட்டிக்கிட்டு எறங்கு சாமி. ரெண்டு மணிக்குக் கரண்ட் வந்துரும்" என்றார் அப்பா. என்னைச் சாமி என்று கூப்பிடுவது அவர் மட்டும்தான்.

நீச்சல் பழகும் பிள்ளைகளுக்கு எங்கள் பக்கம் காலி கேனை முதுகில், அக்குளை ஒட்டிக் கட்டுவார்கள். நான் படித்ததை வைத்து யோசித்தேன். உடம்பின் எடை நடுவில் இருக்கிறது. ஆகவே கேனும் நடுவில் இருக்க வேண்டும். இருபது லிட்டர் எண்ணெய் கேனை இடுப்புக்குப் பின்னால் கட்டினேன்.

"ஏண்ணா, வாலு மொளச்சாப்பல இருக்குது. மேல ஏத்திக் கட்டு" என்றாள் தங்கை.

"இது பிசிக்ஸ். உனக்குப் பின்னால வரும்."

"வரட்டும். மொதல்ல நீ போயிட்டு வா."

கடைசிப் படியிலிருந்து குதித்தேன். கயிறு இடுப்பிலிருந்து தொடைக்கு வழுக்கியது. கேன் மேலே எழும்பியது. அதோடு கால்களும் எழும்பின. தலை கீழே போனது.

பச்சை வெளிச்சம், அதற்கு அடியில் கறுப்பு. பாதங்களில் மட்டும் வெயில் சுட்டது. முடிச்சுக்குக் கை எட்டவில்லை. மேலே தங்கை சிரிப்பது கேட்டது. நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். உதைக்க உதைக்க இன்னும் சிரித்தாள். நோட்டில் விட்டுவைத்த உதாரணம் இதோ மேலே இருக்கிறது என்று அந்த நிலையிலும் தோன்றியது. முதல் பொருளுக்கு நானே தொங்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு சிரிப்பு கேட்கவில்லை. கறுப்புக்குள்ளிருந்து யாரோ "சாமி" என்றார்கள். சாப்பிடக் கூப்பிடுவது போல, அவசரமே இல்லாத குரல். அதைச் சரியாகக் கேட்பதற்காகத்தான் உதைப்பதை நிறுத்தினேன்.

கால்கள் அசையாததைப் பார்த்த பிறகே தங்கை குதித்திருக்கிறாள். கயிற்றை உருவி, தலைமுடியைப் பிடித்துப் படிக்கு இழுத்துவந்தாள்.

இருமி முடித்ததும் கேட்டேன். "என்னைச் சாமின்னு கூப்பிட்டயா?"

"உன்னைய எதுக்கு நான் சாமிங்கறேன்? நான் சிரிச்சுட்டு இருந்தேன்." சொல்லும்போதே அழ ஆரம்பித்தாள். "அப்பா ஊட்ல இருக்குது. இங்க வேற ஆரு இருக்கறா?"

இருவரும் தண்ணீரைப் பார்த்தோம். காற்றே இல்லை. கேன் மட்டும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"வேண்டாண்ணா, போயிரலாம்."

இப்போது படியேறினால் இனி எந்தக் காலத்திலும் இந்தக் கிணற்றில் இறங்க மாட்டேன் என்று தெரிந்தது. கேனை எடுத்து அவளிடம் கொடுத்தேன். என் முதுகில் முழங்காலை ஊன்றி, அக்குளுக்குக் கீழே இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டாள்.

"நீ மேல நின்னு பேசிட்டே இரு."

"என்னத்தப் பேசறது?"

"என்னமோ ஒண்ணு. நிறுத்தாத."

அவள் காரணம் கேட்கவில்லை. நான் ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சாக்கைத் துழாவினேன். பஸ்ஸில் நடந்த சண்டை, கணக்கு டீச்சரின் புதுச் செருப்பு என்று அவள் குரல் மேலேயிருந்து வந்தது. நடுவே மூச்சு வாங்க நிறுத்தினாள்.

"பேசு!" என்று கத்தினேன்.

அவளுக்கு வேறெதுவும் அகப்படவில்லை. இரண்டாம் வாய்ப்பாட்டைத் தொடங்கினாள். சாக்கு கழன்று கையோடு வந்தபோது பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் இருந்தாள். நான் படியேறி அவள் பக்கத்தில் உட்கார்ந்த பிறகும் நிறுத்தவில்லை.