வாசலில் சொன்ன ‘வாங்க’

எங்கள் வாசலுக்கு யார் வந்தாலும் என் வாயில் முதலில் வருவது ‘வாங்க’தான். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்கும் அதுதான், ஓட்டு கேட்டு வருகிறவருக்கும் அதுதான். எனக்குப் பேச்சு வராது. நாலு பேர் கூடுகிற இடத்தில் சுவரோரமாக நின்றுவிடுவேன். அந்த ஒரு சொல் மட்டும் என்னைக் கேட்காமலே வந்துவிடும்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, ஈசிஆரை ஒட்டிய காலனியில் நானும் என் தம்பியும் இருக்கிறோம். அப்பா அம்மா இல்லை. நான் காலையில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறேன். தம்பிக்கு மறைமலைநகரில் கம்பெனி வேலை, காண்டிராக்ட். கடலுக்குப் போகிற வழியை ரிசார்ட்காரர்கள் வேலி போட்டு அடைத்தபோது அவனும் மற்றவர்களோடு ரோட்டில் உட்கார்ந்தான். கேஸ் போட்டார்கள். கேஸ் நிற்கவில்லை, கோர்ட்டே விடுதலை செய்துவிட்டது. ஆனால் ஸ்டேஷனில் கண்காணிக்க வேண்டியவர்களில் ஒருவனாக அவனை வைத்துக்கொண்டார்கள்.

அதிலிருந்து யாராவது பெரிய மனிதர் கடற்கரைக் கோயிலைப் பார்க்க வருகிறார் என்றால், முதல் நாளே எங்கள் வீட்டுக்குள் பூட்ஸ் சத்தம் கேட்கும். “சும்மா ஒரு செக்கிங்” என்பார்கள். அரிசி டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவுவார்கள். அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்ச் சாயங்காலம் அனுப்புவார்கள். இன்னொரு முறை சொல்லாமல் நின்றால் வேலை கிடையாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அந்த வேலைதான் எங்கள் குடும்பம்.

செங்கல்பட்டில் தொழில் செய்யும் ஒரு வக்கீல் பெண் எங்களுக்காக ஹைகோர்ட்டில் மனு போட்டாள். இவன் மேல் சந்தேகப்பட என்ன காரணம் என்று நீதிபதி கேட்டாராம். காரணத்தை எழுதி வைக்காமல் அந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது, நோட்டீஸ் கொடுக்காமல் விசாரணைக்குக் கூப்பிடக் கூடாது என்று உத்தரவு வந்தது. அன்றைக்குத் தம்பி பிரியாணி வாங்கி வந்தான்.

“யக்கா, இனிமே நம்ம வூட்டுக் கதவ தட்டணும்னாகூட ஜட்ஜ கேக்கணும், தெரிஞ்சுக்கோ.”

கொஞ்ச காலம் யாரும் வரவில்லை.

ஒரு மத்தியானம் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வாசலில் நின்றார். கூட இன்னொருவர்.

“இன்னா வெயிலு! குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா.”

“வாங்க” என்றேன்.

சொம்போடு திரும்புவதற்குள் இரண்டு பேரும் வீட்டுக்குள் நின்றார்கள். அப்போதுதான் போலீஸ்காரர்கள் போடுகிற அந்தப் பழுப்பு நிற ஷூக்களைப் பார்த்தேன். அவர் நிதானமாகக் குடித்தார். “தம்பி பீரோ இதானே?” என்றார். துணிகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தார்கள். அதட்டல் இல்லை, அவசரமும் இல்லை. போகும்போது படியில் நின்று, “நேத்து சங்கரா கொழம்பா? தம்பி வர்றதுக்குள்ள ஆறிப் போயிருக்குமே” என்றார்.

சங்கரா மீன் வாங்கியிருக்கிறேன், குழம்பு ஆறுவதற்குள் வந்துவிடு என்று தம்பியிடம் போனில்தான் சொல்லியிருந்தேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை. சட்டியைக்கூட அன்று காலையிலேயே கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

வக்கீல் பெண் இதை கோர்ட்டுக்குக் கொண்டுபோனாள். அவன் அக்காவே வரச் சொன்னதால்தான் உள்ளே போனோம் என்று போலீஸ் பதில் சொன்னதாம். அவள் எனக்கு போன் செய்தாள்.

“அக்கா, நீங்க வாங்கன்னு சொன்னீங்களா?”

“வந்தவங்ககிட்ட வேற இன்னாம்மா சொல்றது?”

“இனிமே சொல்லாதீங்கக்கா. அத சம்மதம்னு ஆக்கிடறாங்க. போன்ல பேசறதும் பாத்துப் பேசுங்க.”

அதையும் போனில்தான் சொன்னாள்.

‘வாங்க’ சொல்லாமல் இருக்கத் தம்பி என்னைப் பழக்கினான். வெளியே போய்க் கதவைத் தட்டுவான். “நான் போலீஸு. தண்ணி குடும்மா.”

“வா…”

“போச்சு! உள்ள வந்துட்டேன். பீரோ சாவிய எடு.” சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறியது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு இரண்டு பேரும் தெருவைப் பார்த்தோம்.

அதே வெள்ளைச் சட்டைக்காரர் மறுபடி வந்தது ஒரு சாயங்காலம். தண்ணீர் கேட்டார். நிலைப்படியைத் தாண்டாமல் சொம்பை நீட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“வாங்கன்னு ஒரு வார்த்த வரல பாத்தியா. நாங்க அவ்ளோ கெட்டவங்களாயிட்டமா?”

அவர் குடித்து முடித்து, சொம்பை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

“சரிம்மா. வூட்டுக்குள்ள போகக் கூடாதுன்னுதான் கோர்ட்டு சொல்லிச்சு. ரோட்டுல நிக்கக் கூடாதுன்னு சொல்லலியே. தம்பி பஸ்ஸ வுட்டு எறங்கட்டும். ரெண்டு வார்த்த பேசறோம். அவனா வண்டியில ஏறினா நாங்க இன்னா பண்றது?”

எதிரே கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்குப் போய் நின்றுகொண்டார். டீக்கடைப் பக்கம் ஒரு ஜீப் வந்து நின்றது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரை வைத்துவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

தம்பிக்கு போன் போட்டேன்.

“யக்கா, திருக்கழுக்குன்றம் தாண்டிகினு கீறேன். எதுனா வாங்கினு வரணுமா?”

கடப்பாக்கத்தில் எங்கள் அத்தை இருக்கிறாள். அங்கே போ என்று சொல்ல வாய் திறந்தேன். இதை இன்னும் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ என்று நினைத்ததும் ஊர்ப் பெயரைச் சொல்லாமல் விட்டேன்.

“வராத” என்றேன்.

“இன்னா?”

“வராதடா.” கட் செய்துவிட்டேன்.

பஸ் வந்து நின்றது. இறங்கியவர்களில் அவன் இல்லை. வெள்ளைச் சட்டைக்காரர் பஸ்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் தம்பி ஷிப்டுக்குப் போனானா, எங்கே படுத்தான், வேலை இருக்கிறதா, எதுவும் எனக்குத் தெரியாது. எல்லாமே போனில் கேட்க முடியாத கேள்விகள்.