வாத்தியாருக்குத் தொண்டை கட்டிய வாரம்

எங்கள் சாந்தோம் கோயில் பங்கில் பவுல்சாமி வாத்தியார் பேச ஆரம்பித்தால் காக்கைகூட இடம் மாறி உட்காரும். 1931இல் பங்கின் மதுவிலக்குச் சங்கம் அவரை நொச்சிக்குப்பத்து மீனவரிடம் அனுப்பியது. குடல் வெந்துபோவதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். பிறகு மாதா படத்தின் முன் மெழுகுவர்த்தியைக் கையில் கொடுத்துச் சத்தியம் வாங்குவார்.

முதலில் சத்தியம் செய்தவன் தேசப்பன். கூட்டாளி லாசரோடு கட்டுமரத்தில் மீன்பிடிக்கப் போகிறவன். கடலில் சொட்டுகூடத் தொடமாட்டான், கரையேறினால்தான் கள். சத்தியம் மூன்று நாள் தாங்கியது. நான்காம் நாளிலிருந்து அவன் கோயிலுக்கும் வரவில்லை, கடலுக்கும் போகவில்லை; பகல் முழுக்கக் கள்ளுக்கடையில் கிடந்தான். இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன், அப்புறம் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வேன் என்று லாசர் சொல்லிவிட்டான்.

வாத்தியாருக்கு ஒன்றும் புரியவில்லை. தினமும் போய்ப் பேசினார். தேசப்பன் எல்லாவற்றுக்கும் "ஆமா வாத்தியாரே" என்று தலையாட்டிவிட்டு நேரே கடைக்குப் போனான். எதிர்த்துப் பேசுகிறவனைத் திருத்தலாம், ஒத்துக்கொள்கிறவனை என்ன செய்வது என்று எங்களிடம் வந்து புலம்பினார். எனக்கு அவர் மேல்தான் கோபம். குடியை நிறுத்தப் போய் மனுஷன் பிழைப்பையல்லவா நிறுத்திவிட்டார்.

பேசிப் பேசி அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அன்றும் போனார். மணலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். பேச்சு வரவில்லை. தேசப்பனே வாய் திறந்தான்.

"மறுபடி சத்தியம் வாங்கவா வந்தே, வாத்தியாரே?"

இல்லையென்று தலையசைத்தார்.

"மாதா முன்னால சொல்லிட்டு மீறிட்டேன். நா கட்டுமரத்துல ஏறினா கடல் சும்மா வுடுமா? எனக்கு ஆவறது ஆவட்டும். லாசரு புள்ளகுட்டிக்காரன்."

"லாசருக்காகவா ஏறலை?" வாத்தியார் குரல் வெறும் காற்றாக வந்தது.

தேசப்பன் அழுதுவிட்டான். சத்தியம் மீறியவனோடு போகிறவனையும் கடல் விடாது என்று குப்பத்தில் ஒரு பயம் உண்டென்று வாத்தியாருக்கு அன்றுதான் தெரிந்தது. மறுநாள் சத்தியம் மீறிய பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெற, அவனைப் பாவசங்கீர்த்தனத்துக்குச் சாமியாரிடம் அழைத்துப்போனார். அடுத்த விடியலில் தேசப்பன் லாசரோடு கடலுக்குப் போனான். அவனிடம் என்ன சொன்னீர்கள் என்று சங்கத்தில் கேட்டபோது வாத்தியார் கட்டிப்போன தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

குரல் திரும்பிய அன்று மாலை குப்பத்துக்குப் போனார். தேசப்பனிடம் கள் வாடை அடித்தது.

"இன்னிக்கு ஒரு மொந்தையோட நிறுத்திட்டு எழுந்து வந்துட்டேன், வாத்தியாரே" என்றான்.

சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. பழைய பிரசங்கம் தொண்டைவரை வந்துவிட்டது. வாயைத் திறந்தார். ஒரு சொல் வருவதற்குள் தேசப்பனின் தலை பழையபடி ஆமாம் என்று ஆட ஆரம்பித்தது.

வாத்தியார் வாயை மூடிக்கொண்டார். மணலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படிப்பா எழுந்து வந்தே?" என்று கேட்டார்.