அப்பாவின் சுவர்களைத் தொடாமல்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'சந்தேகம்'. முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள். படியிறங்கிப் போனதும் "சந்தேகம் சைட்டுக்குக் கிளம்பிடுச்சு" என்பார்கள். அது அவளுக்கும் தெரியும், கோபப்பட்டதில்லை. ஒரு கட்டடம் எதன் மேல் நிற்க வேண்டும், செங்கல்லா கான்கிரீட்டா இரும்பா மரமா என்று முடிவுசெய்து, கணக்குப் போட்டுக் கையெழுத்திடுவதுதான் அவள் வேலை. அந்த வேலையில் சந்தேகப்படாதவனிடம்தான் பயப்பட வேண்டும் என்பது அவள் கட்சி.

அது பிறவிக் குணமல்ல. இருபத்தாறு வயதில் வந்தது. ஒரு மாடிவீட்டின் பால்கனிக்குக் கம்பி கட்டியிருந்தார்கள். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் தளத்துக்குக் கம்பி மேல்பக்கமாக இருக்க வேண்டும். அன்று வெயில் மண்டையைப் பிளந்தது, ஏணியும் ஆடியது. அவள் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுச் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். மூன்று வாரம் கழித்து முட்டுகளை உருவியபோது பால்கனி நாலு விரற்கடை தொங்கிப்போனது. கம்பி முழுக்க அடியில் கிடந்தது. நல்லவேளை, மேலேயும் ஆளில்லை, கீழேயும் ஆளில்லை. இடித்துவிட்டு மறுபடி போட்டார்கள். யாரும் அவளைத் திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பாள். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடத்தில் ஏணி ஏறிப் பார்க்காமல் அவள் ஒரு கையெழுத்தும் போடவில்லை.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. வந்தவர்களைப் பிடிக்கவில்லை, பிடித்தவர் வரவில்லை. அப்பாவோடு பழைய வீட்டிலேயே இருந்தாள்.

அப்பா தையல்காரர். ஐம்பத்தைந்து வயதில், கண்ணுக்குள் அழுத்தம் கூடி, கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போய்விட்டது. கண் போனாலும் வாய் போகவில்லை. "இனிமே எல்லாரும் எனக்கு அழகுதான்" என்று சொல்லிவிட்டு, பொத்தான் தைக்கும் வேலையை மட்டும் எழுபது வயதுவரை விடாமல் செய்தார். வீட்டுக்குள் அவர் கைத்தடி பிடித்ததே இல்லை. இடதுகையின் நடுவிரல் சுவரை லேசாகத் தொட்டுக்கொண்டே போகும். படுக்கையறை வாசல், பூச்சு பெயர்ந்த மூலை, பெட்டி இடித்துப் பள்ளமான இடம், அதிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் சமையலறை. காபியைத் தானே போட்டுக் குடிப்பார். அவள் எழுந்து வருவதற்குள் அவளுக்கும் ஒரு தம்ளர் மூடி வைத்திருப்பார்.

அம்மா இறந்த மூன்றாவது வருடம் தம்பி ஒரு யோசனையோடு வந்தான். மருந்துக்கடை வைத்திருப்பவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு ஊரின் மறுகோடியில் வாடகைக்கு இருந்தான். அப்பாவுக்கு எழுபத்தெட்டு ஆகிறது, எல்லோரும் ஒன்றாக இருக்கலாம், மேலே ஒரு மாடி போட்டுவிடலாம் என்றான். ஓட்டுக்கூரையும் இரண்டு மழையாக ஒழுகிக்கொண்டிருந்தது. அக்காவே பொறியாளர். வேறென்ன வேண்டும்?

அவன் மனதில் இருந்தது கான்கிரீட் மாடி. அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆட்களை வைத்து வீட்டின் இரு மூலைகளில் குழி வெட்டினாள். தம்பி வந்து எட்டிப் பார்த்தான்.

"இறங்கிப் பாருடா" என்றாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான். இடுப்பளவுகூட ஆழமில்லை. செங்கல் அத்தோடு முடிந்து, கீழே கறுத்த களிமண் பிசுபிசுத்தது.

"இவ்வளவுதானா நம்ம அஸ்திவாரம்?"

"இவ்வளவுதான். ஒரு ஓட்டுக்கூரையைத் தாங்கறதுக்கு இது தாராளம். ஐஞ்சு அங்குல கான்கிரீட் ஒரு சதுர அடிக்கு முப்பது கிலோ. அதுக்கு மேல உன் சுவர், உன் கட்டில், உன் பீரோ. இந்த மண்ணு மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். எங்க கொண்டுபோய் வைக்கறது?"

அப்படியானால் உள்ளே கான்கிரீட் தூண் கொடுக்கலாமே என்று கேட்டான். கேட்டது சரியான கேள்விதான். அவளும் அதை வரைந்து பார்த்திருந்தாள். நடுவீட்டில் நாலு தூண்; ஒவ்வொன்றுக்கும் தரையைத் தோண்டி, சுவரை வெட்ட வேண்டும். ஏழு மாதம் வீட்டைக் காலி செய்ய வேண்டும். திரும்பி வரும்போது மூலைகள் எதுவும் பழைய இடத்தில் இருக்காது.

மூன்றாவதாக ஒரு வழியும் வைத்திருந்தாள். வீட்டின் இருபுறச் சந்திலும் மும்மூன்று இரும்புத் தூண்கள். பழைய அஸ்திவாரத்திலிருந்து மூன்றடி தள்ளித் தனித்தனிக் குழியில். அவற்றின் மேல் குறுக்கே இரும்பு உத்தரங்கள், அதன் மேல் சிமெண்ட் பலகைத் தளம். பழைய வீட்டுக்கு மேலே ஒரு மேசையைத் தூக்கி வைத்ததுபோல என்று தம்பியிடம் சொன்னாள். சதுர அடிக்கு ஏழெட்டு கிலோதான் வரும். அந்தப் பாரமும் பழைய சுவர்மேல் ஏறாது.

தம்பியின் முகம் விழுந்துவிட்டது. "ஊருக்கெல்லாம் கான்கிரீட் போட்டுக் குடுக்கறே. என் பிள்ளைங்களுக்கு மட்டும் கொட்டகையாக்கா?"

அவளுக்குச் சுருக்கென்றது. இரும்பு கொட்டகைக்கு மட்டுமல்ல, பாலத்துக்கும் அதுதான் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. அவன் கேட்டது இரும்பைப் பற்றியல்ல என்று அவளுக்குப் பட்டது. இருவரும் பத்து நாள் பேசிக்கொள்ளவில்லை. தம்பி மனைவிதான் போன் செய்து, "அண்ணி, நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கு ஒரு கூடாரமாவது போட்டுக் குடுங்க, நான் வந்துடறேன்" என்று சிரிக்க வைத்தாள்.

கான்கிரீட் தூண் என்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்குமே என்று அப்பாவிடம் கேட்டார்கள். ஏழு மாதம்தானே, தம்பி வீட்டில் இருந்துகொள்கிறேன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். சொன்ன வேகம் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. முதலில் நாலு நாள் இருந்து பாருங்கள் என்று பையில் துணி எடுத்து வைத்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

மூன்றாம் நாள் மதியம், சைட்டில் இருக்கும்போது, தம்பி போன் செய்தான்.

"அக்கா, அப்பா தண்ணி கேக்கறாரு."

"குடுடா. இதுக்கா போன் பண்றே?"

அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது. "அதில்லக்கா. அப்பா தண்ணி கேக்கறாரு."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கண் போன இருபத்து மூன்று வருடத்தில் அவர் யாரிடமும் ஒரு வாய் தண்ணீர் கேட்டதில்லை. அந்த வீட்டில் அவருக்கு எந்த வசதிக்குறைவும் இல்லை. மருமகள் தாங்குதாங்கென்று தாங்கினாள். ஆனால் காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே இருந்தார். முதல் நாள் எழுந்து நடந்து கதவில் நெற்றியை இடித்துக்கொண்டாராம். யாரிடமும் சொல்லவில்லை, மூத்த பேத்தி வீக்கத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.

அவள் போய் அழைத்து வந்தாள். தம்பியும் கூடவே வந்தான். பழைய வீட்டு வாசலைத் தாண்டியதும் அப்பாவின் விரல் சுவரைத் தேடிப் பிடித்தது. விறுவிறுவென்று உள்ளே போனார். தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. தம்பி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"உன் மேசையையே போடுக்கா" என்றான்.

வேலை நாலு மாதம் நடந்தது. குழிகளை ஒவ்வொன்றாக வெட்டி, ஒன்றை மூடிய பிறகே அடுத்ததைத் தொட்டாள். தூண்கள் நின்றதும் எல்லாவற்றுக்கும் முன்பாக மாடியின் தகரக் கூரையைப் போட்டார்கள். அதற்குக் கீழே நனையாமல் பழைய ஓடுகளை இறக்கினார்கள். "எல்லாரும் அடியிலேருந்து கட்டுவாங்க. என் பொண்ணு முதல்ல குடை பிடிச்சுட்டுத்தான் வீடு கட்டறா" என்று அப்பா வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். உத்தரங்கள் வெளியே அளந்து துளையிட்டு வந்தன. இங்கே முடுக்கினால் போதும். ஒவ்வொரு திருகையும் ஏணியேறித் தானே முடுக்கிப் பார்த்தாள். படுக்கையறைக்கு மேலே வேலை நடந்தபோது அப்பா சமையலறையில் படுத்தது மொத்தம் ஆறு நாள். சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை.

ஆனால் இரும்பிலும் ஒரு குறை உண்டு. லேசான தளம் என்பதால் மேலே நடந்தால் கீழே கேட்கும். பலகை விரித்த அன்று பேத்திகள் இருவரும் மேலே ஓடிப் பார்த்தார்கள். கீழே பத்துப் பேர் ஓடுவதுபோல் இருந்தது. தம்பி அவளைப் பார்த்தான். அவள் முன்பே யோசித்து வைத்திருந்தாள்: பலகைக்கு அடியில் கெட்டி ரப்பர் விரிப்பு, மேலே இன்னொரு அடுக்குப் பலகை. விரிப்புச் சுருள்கள் வாசலில் வந்து இறங்கியும்விட்டன.

அப்பா கூடத்து நாற்காலியில் தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

"வாசல்ல என்னமோ இறக்கினாங்களே, அது எதுக்கும்மா?" என்று கேட்டார்.

சத்தம் வராமலிருக்க என்றாள்.

"இப்ப ஓடுனது சின்னவ. பெரியவ குதிகாலை ஊன்றி நடப்பா. உங்கம்மா மாதிரி." மேலே கை காட்டினார். "சத்தத்தை அடைச்சுட்டா, மேல இருக்காங்கன்னு நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். அது வேண்டாமே."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பாவுக்குத் தெரியப்போவதில்லை என்றாலும் திரும்பிக்கொண்டாள். அவள் வாழ்நாளில் போட்ட கணக்குகளில் இப்படி ஒரு தேவையை யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. கடைசியில் அவர் படுக்கையறைக்கு மேலே மட்டும் ரப்பரை விரித்தாள், தூக்கம் முக்கியம். கூடத்துக்கு மேலே வெறும் பலகை. வரைபடத்திலும் அதை அப்படியே குறித்து, கீழே கையெழுத்துப் போட்டாள்.

தம்பி குடும்பம் வந்து இரண்டு வருடமாகிறது. மழை பெய்தால் மேலே தகரத்தில் உளுந்து கொட்டுகிறாற்போல் இருக்கிறதென்று அவன் இன்னும் குறை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான். சென்ற மாதம் ஒரு காலை, அப்பா காபியைக் கீழே வைத்துவிட்டு மருமகளைக் கூப்பிட்டார். "சின்னவ இடது காலைத் தூக்கித் தூக்கி வைக்கறாம்மா. என்னன்னு பாரு" என்றார். விளையாட்டில் பிசகிய காலை, பள்ளிக்கூடத்துப் போட்டியில் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள் என்று பயந்து, அந்தக் குழந்தை யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தது. அழுதுகொண்டே இறங்கி வந்து, காட்டிக் கொடுத்துவிட்டீர்களே என்று தாத்தாவின் மடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அத்தை பக்கத்தில் மண்டியிட்டு, வீங்கிய கணுக்காலில் துணியைச் சுற்றிக் கட்டினாள்.